படகுக்குக் கடிவாளம்

அர்காதியும் சொவெத்பெக்கும் ஜிபாரும் ஒன்றாக உட்கார்ந்து புயலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ஏரியில் கிடக்கிற தண்ணீரைவிட அவர்கள் வாயில் ஓடுகிற தண்ணீர்தான் அதிகமாக இருக்கும். ஏரிக்கரை ஊரான சோல்போன்-அதாவில் அர்காதியின் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால், தண்ணீரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அக்டோபர் பிறந்துவிட்டால் மூவரும் அங்கே கூடி, கெட்டித் தேநீரும் எண்ணெயில் பொரித்த பூர்சோக் மாவுத்துண்டும் காலியாகக் காலியாக, உலான் வருமா வருமா என்று காத்திருப்பார்கள். உலான் என்பது மேற்கே பூம் கணவாயிலிருந்து அவிழ்த்துவிட்ட மாதிரி ஏரிமேல் பாய்கிற காற்று. அது வருகிறதென்றால் ஊர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள், ஆட்டைக் கட்டுவார்கள். இந்த மூன்று பேர் மட்டும் படகை அவிழ்ப்பார்கள்.

"அன்னிக்கு அலை அஞ்சு மீட்டர். சத்தியமா. படகு தண்ணியில போகல, காத்துல போச்சு. கீழ மீனைப் பார்த்தேன்" என்றார் அர்காதி. அறுபதைத் தாண்டிய ரஷ்யர். படகு அவருடையது, அதனால் புயல்களும் தன்னுடையவை என்று நினைப்பவர்.

"போன வருஷம் சொன்னப்ப அந்த அலை மூணு மீட்டர்தானே இருந்தது பைகே" என்றாள் ஜிபார். வயதில் மூத்த ஆணை அந்தக் கரையில் பைகே என்றுதான் கூப்பிட வேண்டும், காலை வாரும்போதும்கூட. "நாம கரையில இருக்கிறப்ப அது பாட்டுக்கு வளருதா?"

சொவெத்பெக் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்தால் அவனுடைய முன்பற்கள் இரண்டும் தங்கமாக மின்னும். தேனீ வளர்ப்பவன். வீட்டில் மனைவி, மூன்று மகள்கள், நாற்பது பெட்டித் தேனீ. "என் வீட்டுல என்னைத் தவிர எல்லாத்துக்கும் கொடுக்கு இருக்கு. அதுங்களுக்குப் பயந்து பயந்து மரத்துப்போச்சு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒழுங்கா, பெருசாப் பயப்படணும்னுதான் உங்ககூட வர்றேன்" என்பான்.

அந்தத் தங்கப் பற்களுக்குக் காரணமானவள் ஜிபார். அதைப் பற்றிப் பிறகு.

ஜிபார் வேன் ஓட்டுகிறாள். மேற்கே பாலிக்சியிலிருந்து கிழக்கே கராகோல் வரை ஏரியின் வடகரைச் சாலையில் போக ஒரு நடை, வர ஒரு நடை. பின்னால் பதினாறு பேர், அவர்களுடைய உருளைக்கிழங்கு மூட்டை, வாந்தி எடுக்கும் குழந்தை, "மெதுவாப் போம்மா" என்று கழுத்துக்குப் பின்னால் ஓயாமல் ஒரு குரல். அவளும் மெதுவாகத்தான் போவாள். இத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. கரையிலேயே நம்பகமான டிரைவர் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும்.

ஏனென்றால் மேலே மேய்ச்சல் மலையில் வளர்ந்தவள் அவள். நடக்கக் கற்றதும் குதிரை ஏறக் கற்றதும் ஒரே கோடையில். பந்தயக் குதிரைக்குக் கனமில்லாத ஆள்தான் தேவை என்பதால் சின்னப் பிள்ளைகளைத்தான் ஏற்றுவார்கள். பன்னிரண்டு வயதில் சித்தப்பாவின் செம்பழுப்புக் குதிரையில் ஏறி, நாற்பது பையன்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். கண்ணில் மண், வாயில் மண், காதில் காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. அடுத்த வருடம் கனம் கூடிவிட்டது என்று இறக்கிவிட்டார்கள். அதோடு சரி. பிறகு கல்யாணம், கீழே கரையூர், பஞ்சர் கடைக்காரக் கணவன், இரண்டு பிள்ளைகள், வேன். தன் கையால் எதையும் வேகமாக ஓட்டி எத்தனை காலமாயிற்று என்று அவள் யாரிடமும் புலம்பியதில்லை. ஆனால் அது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன் அர்காதி அவளுடைய வேனில் ஒரு பெரிய துணி மூட்டையை மறந்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். திருப்பிக் கொடுக்கக் கொட்டகைக்குப் போனாள். மூட்டைக்குள் இருந்தது படகுப் பாய். "கட்டிக் காட்டுறேன், பத்து நிமிஷம் உட்காரு" என்றார். பத்து நிமிடம் என்று போனவள் இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினாள், தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட. மேலேயிருந்து அம்மா போனில் திட்டித் தீர்த்தாள். "ஏரிங்கிறது பார்க்கிறதுக்குடி. நம்ம ஆளுங்க காலைக்கூட நனைக்க மாட்டாங்க. உனக்கு என்ன கேடு?" கணவன் மட்டும், "துண்டு அங்க இருக்கு" என்றான். நல்ல மனிதன்.

அந்தப் படகைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏதோ பயிற்சிப் பள்ளி கழித்துப் போட்ட பழைய துடுப்புப் படகு அது. அர்காதி அதற்கு ஒரு பாய்மரத்தை நட்டு, பாய் கட்டி, பின்னால் சுக்கான் வைத்துவிட்டார். அகன்ற வயிறு, தட்டையான அடி. ரஷ்யத் தேநீர்ப் பாத்திரம் மாதிரி இருந்ததால் சமோவார் என்று பெயர். ஓட்டை அடைக்க அடைக்க வேறு இடத்தில் ஒழுகும்.

இப்போது பல் விஷயத்துக்கு வருவோம்.

குதிரையை இடது பக்கம் திருப்ப இடது கடிவாள வாரை இழுக்க வேண்டும். சுக்கான் தடி அதற்கு நேர் எதிர். தடியை இடது பக்கம் இழுத்தால் படகு வலது பக்கம் போகும். சின்னக் காற்றில் ஜிபாருக்கு இது தகராறே இல்லை. யோசித்து யோசித்து அழகாக ஓட்டுவாள். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன், முழு உலானில், அர்காதி அவள் கையில் தடியைக் கொடுத்த அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. பின்னாலிருந்து மலை மாதிரி ஓர் அலை தூக்க, அர்காதி "இடது!" என்று கத்த, அவள் கை தானாக இடது பக்கம் இழுத்தது. படகு வலது பக்கம் திரும்பியது. அவள் இன்னும் பலமாக இழுத்தாள். படகு இன்னும் வலது பக்கம் போயிற்று. காற்று பாயின் மறுபக்கத்தில் புகுந்ததும், பாயின் அடியில் கட்டியிருக்கும் நீளக் கட்டை ஒரே வீச்சில் குறுக்கே வந்தது. வழியில் சொவெத்பெக்கின் வாய் இருந்தது.

சொவெத்பெக் அன்றைக்கே மன்னித்துவிட்டான். அவனுக்கு அது கிடைத்தற்கரிய புயல் கதை. திருமண வீடுகளில் வாயைத் திறந்து காட்டிச் சொல்வான். மன்னிக்காதவர் அர்காதி. "அந்தக் கை குதிரைக் கை. சின்னக் காத்துல எவ்வளவு வேணும்னாலும் ஓட்டு. உலான்ல தொடாதே" என்றார். அதற்குப் பிறகு உலானில் ஜிபாருக்கு வேலை, தண்ணீரை வாளியால் இறைத்து வெளியே கொட்டுவது. பறக்கிற படகில் குனிந்து உட்கார்ந்து வாளி பிடிப்பதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் உண்டா? அவளுக்கு அழுகையே வந்தது. அழுததை ஏரித் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தாள்.

இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மதிய நடையை முடித்துவிட்டு ஜிபார் ஒரு கயிற்றுச் சுருளோடு கொட்டகைக்கு வந்தாள். பேச்சு வழக்கம்போலப் புயலில் நின்றுகொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை.

"பைகே, இந்த உலான்ல நான்தான் ஓட்டப்போறேன்."

அர்காதி தேநீரை ஊதிக் குடித்தார். "சொவெத்துக்கு மிச்சம் எத்தனை பல் இருக்குன்னு எண்ணிக்கிட்டு வந்து சொல்லு, யோசிக்கலாம்."

"கையை மாத்த முடியல. ரெண்டு வருஷமா வேன்ல சும்மா நிக்கிறப்பல்லாம் கியர் தடியைப் பிடிச்சுப் பழகிப் பார்த்துட்டேன். வரல. அதனால படகை மாத்தலாம்னு பார்க்கிறேன்."

படகுக்குள் இறங்கிச் செய்து காட்டினாள். சுக்கான் தடியின் நுனியில் இரண்டு கயிறு. ஒன்று வலது பக்கப் பலகையில் உள்ள வளையத்துக்குள் நுழைந்து, திரும்பி, அவளுடைய இடது கைக்கு வந்தது. மற்றது இடது பக்க வளையத்துக்குப் போய் வலது கைக்கு வந்தது. குறுக்குக் கயிறு. இடது கயிற்றை இழுத்தாள். தடி வலது பக்கம் போயிற்று. அப்படியானால் படகு திரும்புவது இடது பக்கம்.

சொவெத்பெக்குக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் தரையில் உருண்டு சிரித்தான். "கடிவாளம்! பைகே, படகுக்குக் கடிவாளம் போட்டுட்டா! அடுத்தது லாடம் அடிப்பா பாருங்க!"

அர்காதி சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "நாப்பது வருஷமா நான் பிடிக்கிற தடி இது. இதுக்கு வாரைக் கட்டறியா? கரையில நாலு பேர் பார்த்தா என் மானம் போயிடும்."

"கரையில யாரும் இருக்க மாட்டாங்க பைகே, எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கிட்டிருப்பாங்க. சரி, ஒண்ணு சொல்றேன். இதுலயும் நான் தப்பா இழுத்தா, இனி எந்தக் காத்துலயும் கேட்க மாட்டேன். வாளியே போதும்."

அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை என்பது மூவருக்கும் தெரியும். இன்றைக்குத் தவறினால் அந்த வேகம் அவள் கையில் இனிமேல் கிடையாது.

அர்காதி பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. பாலிக்சி நிலையத்திலிருந்து இன்னொரு வேன் டிரைவர். பேசியதில் பாதி காற்று இரைச்சல். "ஜிபார்! இங்க கதவைத் திறக்க முடியல! லாரியெல்லாம் ஓரங்கட்டிட்டான்! இன்னிக்கு இனி வேனை எடுக்காதே!"

"வருது" என்றாள் ஜிபார்.

மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் முகம் மாறியது. பள்ளிக்கூடம் லீவு என்று கேட்ட பிள்ளைகள் மாதிரி எழுந்தார்கள். பாலிக்சியில் கிளம்பிய காற்று இங்கே வந்து சேர ஒரு மணி நேரம்தான். அதற்குள் பாயைப் பாதியாகச் சுருட்ட வேண்டும், தளர்ந்ததையெல்லாம் கட்ட வேண்டும். அந்த அவசரத்தில் அர்காதி வாய்க்குள்ளேயே முனகினார்: "முதல் தப்பு வரைக்கும்தான். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது பைகே!"

மேற்கே மலைமேல் அழுக்குப் பஞ்சு மாதிரி மேகம் சுருண்டது. ஏரி முதலில் கறுத்தது, பிறகு வெளுத்தது. அப்புறம் வந்தது பாருங்கள், உலான்! சமோவார் ஒரு முறை முனகிவிட்டு எழுந்து ஓடியது. ஆமாம், அந்தக் குண்டு வயிற்றுப் படகு ஓடியது! அலை பின்னாலிருந்து தூக்கும், மூக்கு கீழே சாயும், அடுத்த நொடி அலையின் முதுகில் சறுக்கிக்கொண்டு பறக்கும். இரண்டு பக்கமும் தண்ணீர் சுவர் மாதிரி எழும்பும். ஜிபார் கால்களை இரண்டு பலகையிலும் முட்டுக்கொடுத்து, இரண்டு கையிலும் கயிறோடு நின்றாள்.

"இடது!" என்று அர்காதி கத்தினார்.

இடது கை இழுத்தது. படகு இடது பக்கம் திரும்பியது.

"வலது!"

வலது கை இழுத்தது. படகு வலது பக்கம் வந்தது. அதற்குப் பிறகு அவர் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. அலை முதுகில் ஏறும்போதே கைக்குத் தெரிந்தது. அவளுக்குக் காதில் காற்றைத் தவிர எதுவும் கேட்கவில்லை. நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை, அப்பட்டமான சந்தோஷம். "சூ! சூ!" என்று குதிரையை விரட்டுகிற சத்தத்தில் அலறினாள்.

"படகை விரட்டறா! பைகே, இவ படகை விரட்டறா!" என்று வாளி பிடித்திருந்த சொவெத்பெக்கும் அலறினான். ஒரு வாளி தண்ணீரைக் காற்றுக்கு எதிராக வீசி, அதைத் தன் முகத்திலேயே வாங்கிக்கொண்டான். ஒரு பெரிய அலையில் சறுக்கி இறங்கியபோது தன்னை மறந்து அர்காதியும் ஓவென்று கத்திவிட்டார்.

கிழக்கே கிரிகோரியெவ்கா மலைப் பிளவுக்கு நேராக வந்தபோது உலான் நின்றது.

குறையவில்லை, நின்றது. பாய் தொய்ந்து விழுந்தது. அலைகள் மட்டும் காற்றில்லாமல் பின்னாலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டன. சொவெத்பெக் "முடிஞ்சுதா?" என்றான். அர்காதி கிழக்கே பார்த்தார். கராகோல் பக்கம் வானமும் ஏரியும் சேரும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு, வரவரத் தடித்துக்கொண்டே வந்தது.

"சான்தாஷ்" என்றார். குரலில் விளையாட்டு போய்விட்டது. கிழக்குக் கணவாயின் காற்று அது. உலானும் அதுவும் ஏரியில் மோதிக்கொள்ளும் நாளில் பெரிய மீன்பிடிப் படகுகளே கரைக்குள் ஒளிந்துகொள்ளும். "திருப்பு! இடது பக்கம் திருப்பி ஊரைப் பார்க்க ஓடணும். கொடு, இது நீ செய்யற வேலை இல்ல, கொடு!"

"நான் தப்பு பண்ணலயே!"

"கொடுன்னு சொல்றேன்ல!"

கயிறுகளைப் பிடுங்கிக்கொண்டார். அந்த நிமிடமே சான்தாஷ் வந்து மோதியது.

இடது பக்கம் திருப்ப வேண்டும். நாற்பது வருடத் தடிக்காரரின் கை என்ன செய்யும்? வலது பக்கம் இழுக்கும். இழுத்தார். படகு வலது பக்கம் போயிற்று, காற்றின் வாய்க்குள்ளேயே. பாய் சவுக்கு மாதிரி அடித்துக்கொண்டது. கட்டை குறுக்கே பாய்ந்தது. சொவெத்பெக் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு படுத்தான். பல்லுக்கு ஆபத்தில்லை, கம்பளித் தொப்பி மட்டும் ஏரியோடு போயிற்று. முன்னாலிருந்து வந்த அலையும் பின்னாலிருந்து வந்த அலையும் படகுக்கு அடியிலேயே முட்டிக்கொண்டு கூம்பாக எழுந்தன. பாதி ஏரி உள்ளே விழுந்தது. அர்காதி இன்னும் பலமாக இழுத்தார். அதே வலது பக்கம்.

ஜிபார் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். கண்கள் விரிந்து, 'நான் சரியாகத்தானே செய்கிறேன், ஏன் கேட்க மாட்டேன் என்கிறது' என்று திகைத்து நிற்கிற முகம். இரண்டு வருடத்துக்கு முன் அது அவளுடையது. சிரிப்பு வந்திருக்கலாம். வரவில்லை. ஐயோ பாவம் என்றிருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"விடுடா!" என்று கத்தினாள்.

ஏழு வருடத்தில் அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அதிர்ச்சியிலேயே விட்டுவிட்டார்.

அவள் இடது கயிற்றை முழு உடம்போடு இழுத்தாள், முரண்டு பிடிக்கிற குதிரையின் தலையைத் திருப்புகிற மாதிரி. சமோவார் நடுங்கியது, யோசித்தது, திரும்பியது. பாய் நிரம்பியது. இப்போது சான்தாஷ் முதுகுக்குப் பின்னால். வந்த வழியே, வந்ததைவிட வேகமாக, உலான் விட்டுப்போன பழைய அலைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக் குதித்துக்கொண்டு படகு ஊரைப் பார்த்துப் பறந்தது. அர்காதி வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தார்.

கரை தெரிந்தது. கொட்டகை தெரிந்தது. மரத் துறை தெரிந்தது. ஜிபார் தொண்டை கட்டிய குரலில், "பைகே, உள்ள நீங்க கொண்டுபோங்க" என்றாள். படகைத் துறைக்குள் கொண்டுபோவது எப்போதும் படகுத் தலைவர் வேலை.

அவர் கயிறுகளைப் பார்த்தார். தொடவில்லை. "எனக்கு இது வராது. நீயே கொண்டுபோ" என்று சொல்லிவிட்டு, கட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு முன்மூக்கில் போய் நின்றார். புதிதாக வந்த ஆளை நிறுத்துகிற இடம் அது. ஜிபாருக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

"பாயை இறக்கு சொவெத்! இறக்கு!"

பாய் பாதியில் சிக்கிக்கொண்டது. துறை கிட்டே வந்தது. வேகம் குறையவில்லை.

"நிறுத்து!" என்று அர்காதி முன்னாலிருந்து கத்தினார்.

ஜிபார் நிறுத்தினாள். அதாவது, தனக்குத் தெரிந்த விதத்தில் நிறுத்தினாள். இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடித்து, பின்னால் சாய்ந்து, உயிரைக் கொடுத்து இழுத்து, "த்ர்ர்ர்ர்!" என்றாள். எந்தக் குதிரையும் நின்றிருக்கும். சமோவார் நிற்கவில்லை. துறையை ஒரு முழத்தில் தவறவிட்டு, பக்கத்து மணலில் தட்டையான அடி தேயத் தேய ஏறி, கொட்டகை வாசலுக்கு எதிரில் போய்த்தான் நின்றது. முன்மூக்கில் நின்ற அர்காதி நிற்கவில்லை. அவர் பக்கவாட்டில் பறந்துபோய், துறை ஓரத்து முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்தார்.

சொவெத்பெக்கூடச் சிரிக்கவில்லை. அர்காதி மெல்ல எழுந்தார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கட்டுக் கயிறு இன்னும் கையில் இருந்தது. நடந்து வந்தார். ஜிபாருக்கு வாளியின் கைப்பிடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கொடுத்த வாக்குப்படி இனி வாளிதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கயிறுகள் போன வழியைக் கண்ணால் ஒருமுறை பின்தொடர்ந்தார்.

"நாளைக்கு உன் நடை எப்ப முடியும்?"

"மூணு மணிக்கு" என்றாள், புரியாமல்.

"சீக்கிரம் வந்துடு. சான்தாஷ் ரெண்டு நாள் அடிக்கும்" என்றார். "நான் முன்மூக்குலயே நின்னுக்கறேன்."